அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எது?

சிங்கப்பெருமாள் கோவிலில் குடியேறி இருபது வருடம் ஆகிறது. இன்றும் மாதம் ஒருமுறையாவது காலை மின்சார ரயிலைப் பிடித்து பீச் ஸ்டேஷன் வரை போய்விட்டு வராவிட்டால் எனக்கு உடம்புக்கு ஆகாது. வேலை ஒன்றும் கிடையாது. முப்பத்தைந்து வருடம் பாரிமுனையில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான்.

1973இல் நான் வேலையில் சேர்ந்தபோது தமிழ் நன்றாகப் பேசுவேன், பிரெஞ்சு நன்றாக எழுதுவேன், ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து பக்கலோரெயா வரை போனவனின் நிலை இதுதான். அதனால் முதல் வருடம் எனக்குப் பெரும்பாலும் தமிழ்க் காகிதங்களைத்தான் கொடுத்தார்கள். ஒரு விலாசம் அடிக்கடி கண்ணில் படும்: 'அரண்மனைக்காரத் தெரு'. அதே காகிதத்தின் ஆங்கில நகலில் 'ஆர்மேனியன் ஸ்ட்ரீட்' என்று இருக்கும். தலைமை எழுத்தரிடம் கேட்டேன். "நவாப் காலத்து அரண்மனை எதுவோ இருந்திருக்கும்ப்பா, வேலையைப் பார்" என்றார். நானும் நம்பினேன். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அந்தத் தெருவில் நடந்து, எந்தச் சுவர் அரண்மனைச் சுவராக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போவேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டம், வக்கீல் ஆபீஸ்கள், பின்னி கம்பெனிக் கட்டிடம் எல்லாம் இருந்தன. அரண்மனையைத்தான் காணோம்.

விஷயம் எளிது. நாம் பேச்சில் அரண்மனையை 'அரமனை' என்போம். 'அர்மேனியன்' என்ற சொல் தமிழ்க் காதில் 'அரமனைக்காரன்' என்று விழுந்தது. பக்கத்திலேயே பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளம் விற்றவன் பவளக்காரன் என்றால் அர்மேனியன் அரமனைக்காரன். பிறகு யாரோ என்னைப் போல ஒரு குமாஸ்தா, இலக்கண சுத்தமாக எழுத வேண்டுமென்று 'அரண்மனை' ஆக்கிவிட்டார். இல்லாத அரண்மனை ஒன்று சர்க்கார் காகிதத்தில் எழும்பிவிட்டது.

இதை எனக்குச் சொன்னது புத்தகம் அல்ல, ஒரு பெண்மணி. 1989 ஜனவரி மாதம். தெரு முனையில் கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தனக்குத் தானே பிரெஞ்சில் முணுமுணுத்தார். எத்தனையோ வருடமாக யாரோடும் பேசாத மொழி! ஓடிப்போய் "பொன்ழூர், மதாம்" என்றேன். அவர் முகத்தில் வந்த ஆச்சரியம் இன்னும் நினைவிருக்கிறது.

மார்செய் நகரத்துக்காரர். ஆனால் அம்மா, அப்பா இருவரும் துருக்கிப் பகுதியிலிருந்து 1915 படுகொலையில் தப்பி, சிரியா, லெபனான் வழியாகப் பிரான்சுக்கு வந்த ஆர்மேனியர்கள். அதற்கு முந்தின மாதம், 1988 டிசம்பர் 7ஆம் தேதி ஆர்மேனியாவில் பெரிய பூகம்பம். ஸ்பிதாக் என்ற ஊரே தரைமட்டம். இருபத்தையாயிரம் பேர் போனார்கள். இந்தியாவுக்குச் சுற்றுலா வர முன்பே பணம் கட்டிவிட்டாராம். வராமல் இருக்கவும் மனமில்லை, வந்த இடத்தில் சந்தோஷமாக இருக்கவும் முடியவில்லை. மெட்ராஸில் ஒரு ஆர்மேனிய மாதா கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றத் தேடி வந்திருந்தார்.

பதினாறு வருடமாக அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாக உள்ளே போனேன். வெளியே அவ்வளவு இரைச்சல், உள்ளே கிணற்றுக்குள் இறங்கினது போல அமைதி. முற்றம் முழுக்கத் தரையோடு தரையாகக் கல்லறைக் கற்கள். அந்த அம்மாள் குனிந்து ஒவ்வொரு கல்லையும் விரலால் தடவிப் படித்தார். பிறகு என்னிடம், இங்கே உங்கள் மொழியில் எங்களை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அரண்மனையில் இருப்பவர்கள் என்று அர்த்தம் என்றேன். சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, "எங்களை அகதி என்று சொல்லியிருக்கிறார்கள், வியாபாரி என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி யாரும் சொன்னதில்லை" என்றார்.

அன்றிலிருந்து இவர்களைப் பற்றி எது கிடைத்தாலும் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. கன்னிமாரா நூலகத்தில் என் சனிக்கிழமைகள் பலவும் இதற்கே போயின.

ஈரானுக்கும் துருக்கிக்கும் நடந்த சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஆர்மேனியர்கள். அராஸ் நதிக்கரையில் ஜுல்ஃபா என்ற வியாபார ஊர். 1604இல் பாரசீக ஷா அப்பாஸ் அந்த ஊர் மக்களை மொத்தமாகக் கிளப்பி, தன் தலைநகரான இஸ்பஹானுக்குப் பக்கத்தில் குடிவைத்தார். அதுதான் புதிய ஜுல்ஃபா. சொந்த மண்ணை இழந்தார்கள். பதிலுக்குப் பட்டு வியாபாரம் கைக்கு வந்தது. அங்கிருந்து சூரத், ஹூக்ளி, மெட்ராஸ், மணிலா, ஆம்ஸ்டர்டாம் என்று பரவினார்கள். 1688இல் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி, கோஜா பனோஸ் கலந்தார் என்ற ஆர்மேனியரோடு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. கம்பெனி ஊர்களில் ஆங்கிலேயரைப் போலவே ஆர்மேனியரும் வீடு வாங்கலாம், பதவி வகிக்கலாம். நாற்பது ஆர்மேனியர் எங்கே சேர்ந்தாலும் கோயில் கட்ட இடம் கொடுத்து, பாதிரியாருக்கு ஏழு வருடம் ஆண்டுக்கு ஐம்பது பவுன் சம்பளமும் கொடுப்போம் என்று கம்பெனி சொன்னது. தாராளம் ஒன்றுமில்லை, கம்பெனிக்கு அவர்கள் வியாபாரம் தேவைப்பட்டது. தேவை இருக்கும்வரைதான் ஒப்பந்தத்துக்கு மதிப்பு என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

அப்படி வந்தவர்தான் கோஜா பெத்ருஸ் உஸ்கான். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஜனங்களாகிய நாம் யாரும் இவருக்குக் கடன்படாமல் இருக்க முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறி நகரத்துக்குப் போனால் சைதாப்பேட்டையில் அடையாற்றைத் தாண்டுகிறோமே, அந்த இடத்தில் முதன்முதலில் பாலம் கட்டியவர் அவர். 1726ஆம் வருடம், தன் சொந்தப் பணம் 30,000 வராகன். மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் 'மர்மலாங்' ஆகி, மர்மலாங் பாலம் என்று பெயர் நின்றது. இப்போது இருப்பது 1960களில் கட்டிய மறைமலை அடிகள் பாலம். பழைய பாலத்தின் கல்வெட்டு பாரசீகம், ஆர்மேனியம், லத்தீன் என்று மூன்று மொழியில் உண்டு. ஆங்கிலம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பரங்கிமலை மேலே ஏறும் கருங்கல் படிகளும் அவர் போட்டவை. பாலமும் படியும் கெடாமல் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பணமும் வைத்தார். ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷன் தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் மலையைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போடுவேன். பக்கத்து சீட்டுக்காரர் தோமையாருக்குக் கும்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

இங்கே என் சொந்தக் கதை குறுக்கே வருகிறது. நான் படித்த பள்ளியில் தூய்ப்ளேக்ஸ் தான் வீரபுருஷர். கடற்கரையில் அவர் சிலையும் இருக்கிறது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்ததை எங்கள் ஆசிரியர் சொல்லும்போது, சின்னப் பையன்களான நாங்களே கோட்டை மேல் கொடி ஏற்றினது போல நெஞ்சு நிமிரும். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருப்பதையும் பிறகு ஆசையாகப் படித்திருக்கிறேன். ஆனால் உஸ்கானைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பிரெஞ்சுக்காரர் அவரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள். பணக்காரர், செல்வாக்கு உள்ளவர். அவர் புதுச்சேரிக்கு வந்தால் வியாபாரமும் வரும். அவர் மறுத்தார். வீட்டையும் சரக்கையும் பறிமுதல் செய்தார்கள். அப்போதும் வளையவில்லை. வயது அறுபத்தைந்துக்கு மேல்.

1749இல் மெட்ராஸ் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. உஸ்கான் கூட்டத்துக்கு நல்ல காலம் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்ட கம்பெனி, கத்தோலிக்கரோடு சேர்த்து ஆர்மேனியரும் கோட்டைக்குள் வெள்ளையர் பகுதியில் வீடு வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தது. 1688 ஒப்பந்தம் எந்த அலமாரியில் இருந்ததோ! கோட்டைக்குள் இன்று கிளைவ் மாளிகை என்று காட்டுகிறார்களே, அது ஷாமிர் சுல்தான் என்ற ஆர்மேனியருடைய வீடு. 1755இல் கம்பெனி வாங்கிக்கொண்டது. கிளைவ் கொஞ்ச காலம் குடியிருந்ததால் பெயர் அவருக்குப் போய்விட்டது.

உஸ்கான் 1751 ஜனவரியில் இறந்தார். வேப்பேரியில் அவர் கட்டிய மாதா கோயிலின் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் தனியே எடுத்து, பிறந்த ஊரான புதிய ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். மறுவருடமே அந்தக் கோயிலைக் கம்பெனி எடுத்து ப்ராட்டஸ்டண்ட் மிஷனரிகளிடம் கொடுத்துவிட்டது. ஆங்கிலேயருக்காகப் பிரெஞ்சுக்காரரிடம் வீட்டைப் பறிகொடுத்தவர், செத்த பிறகு ஆங்கிலேயரிடம் கோயிலைப் பறிகொடுத்தார். இன்னொரு வேடிக்கை: 1761இல் புதுச்சேரியை இடித்துத் தள்ளிய ஆங்கிலேயர், அங்கே கவர்னர் மாளிகையிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை எடுத்து வந்தார்கள். அது வேப்பேரியில் பெப்ரீஷியஸ் பாதிரியாரிடம் வந்து சேர்ந்தது. தமிழ் அகராதி போட்ட அதே பெப்ரீஷியஸ். எங்கள் ஊர் அச்சு இயந்திரம், உஸ்கானின் கோயில், இரண்டும் ஒரே கைக்குப் போயின. அந்த இடத்தில் இன்று இருப்பது புனித மத்தியாஸ் ஆலயம். உஸ்கான் கல்லறை அங்கேயே இருக்கிறது.

விசுவாசமாக இருந்தால் நம்மவர் ஆகிவிடலாம் என்பது எவ்வளவு பொய்க் கணக்கு என்று எனக்கு என் வீட்டிலேயே தெரியும். 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். என் பெரியப்பா சொல்தா. இந்தோசீனாவில் துப்பாக்கி தூக்கியவர். எழுதிக்கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீடு, நடுவில் ஒரு முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர், இந்தப் பக்கம் இந்தியர். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பா பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போனார்கள். நான் குமாஸ்தா பரீட்சை எழுதினேன். பெரியப்பா சாகும்வரை ஜூலை 14க்குப் பதக்கம் குத்திக்கொண்டு போவார்; அங்கே பாரிஸில் அவர் மகனை, நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்காதவர்கள் இல்லை. அப்பாவைப் புதுச்சேரியில் சிலர் நன்றி கெட்டவர் என்றார்கள். எனக்கு மெட்ராஸ் ஆபீசில் 'பிரெஞ்சுக்காரன்' என்று பட்டப்பெயர். யார் செய்தது சரி என்று இன்று வரை எனக்கு முடிவு கட்டத் தெரியவில்லை.

அதனால்தானோ என்னவோ, உஸ்கானுக்கு அடுத்த தலைமுறை செய்தது என்னை அவ்வளவு இழுக்கிறது. எந்த ராஜாவுக்கு விசுவாசம் காட்டுவது என்ற கேள்வியையே அவர்கள் தூக்கிப் போட்டுவிட்டார்கள். நமக்கென்று ஒரு நாடு, அதில் ராஜாவே வேண்டாம் என்றார்கள். 1749இன் அவமானம் அதற்கு ஒரு காரணம் என்பது என் சொந்த ஊகம்.

அந்தக் கூட்டத்தின் தலைவர் ஷாஹாமிர் ஷாஹாமிரியான். புதிய ஜுல்ஃபாவில் 1723இல் பிறந்து மெட்ராஸில் பெரும் பணம் சேர்த்தவர். மகன் ஹாகோப், மகனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் மோவ்செஸ் பக்ராமியான், இன்னும் சில நண்பர்கள். 1770களின் தொடக்கத்தில் கறுப்பர் பட்டணத்தில் ஆர்மேனிய எழுத்து அச்சுக்கூடம் வைத்தார்கள். 1772இல் பக்ராமியானின் ஒரு நூல் வந்தது. சோம்பலிலிருந்தும் அறியாமையிலிருந்தும் எழுந்து நாட்டை விடுதலை செய்யுங்கள் என்று ஆர்மேனிய இளைஞருக்குச் சொல்லும் நூல். கல்கத்தாவில் வளர்ந்து, லண்டன் போய் எட்மண்ட் பர்க்கோடு நட்பாகி, ஆர்மேனியாவை விடுவிக்கிறேன் என்று மலை மலையாக அலைந்த ஜோசப் எமினும் இவர்களைத் தேடி மெட்ராஸ் வந்து போனார்.

எச்மியாத்சினில் இருந்த ஆர்மேனிய சபைத் தலைவர் சிமியோன் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். நூலை எரிக்கச் சொன்னார், பக்ராமியானைச் சபையிலிருந்து விலக்கினார். படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். மெட்ராஸில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அங்கே ஆபத்து இல்லை. துருக்கி சுல்தானுக்கும் பாரசீகத்துக்கும் நடுவில் ஜனங்களை வைத்துக்கொண்டு இருக்கிறவருக்கு, ஒரு காகிதம் போதும் ஊர் எரிய. தூரத்தில் இருப்பவரின் ஆவேசமும் ஊரில் இருப்பவரின் பயமும் முட்டிக்கொள்வது அவர்களோடு முடிந்த கதையா? ஈழத்துச் சங்கதிகளில் நம் காலத்திலேயே பார்த்தோம்.

ஷாஹாமிரியான் ஓயவில்லை. ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லேவுக்குக் கடிதமும் பரிசும் அனுப்பினார். அவரும் இளவரசர் பட்டமும் லோரி என்ற பகுதியும் காகிதத்தில் கொடுத்தார். இதைவிடப் பெரிய காரியம், வரப்போகும் ஆர்மேனியக் குடியரசுக்கு அவர்கள் எழுதி வைத்த அரசியல் சட்டம். 'புகழின் கண்ணி' என்று பெயரை மொழிபெயர்க்கலாம். மொத்தம் 521 பிரிவுகள். ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் ஆள வேண்டும், அதற்கு மேலே சட்டம் மட்டும். அந்த மண்ணில் வாழ்பவன் ஆர்மேனியன் ஆனாலும் வேறு இனத்தவன் ஆனாலும், ஆணோ பெண்ணோ, சமம். பையன்களுக்கும் பெண்களுக்கும் பள்ளிக்கூடம். அட்டையில் 1773 என்று இருந்தாலும் அச்சு வேலை 1780களின் கடைசியில்தான் முடிந்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும் பாரிஸில் பஸ்திய் சிறை இடிந்த காலம். சுதந்திரம், சமத்துவம் எல்லாம் எங்கள் பிரான்சில் பிறந்தவை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அதே பேச்சு, அதே காலத்தில், நான் டீ குடிக்கப் போன தெருக்களில் ஈய எழுத்தாகக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறது! ஒரு பிடி நிலம் கையில் இல்லாதவர்கள், 521 பிரிவு. குமாஸ்தாவாக இருந்தவனுக்குத்தான் தெரியும், ஐந்து பிரிவு உள்ள ஒரு சுற்றறிக்கை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று.

நூலில் ஆசிரியர் பெயர் ஹாகோப் என்று இருக்கிறது. ஹாகோப் 1774இலேயே போய்விட்டார். வயது 29. வியாபாரத்துக்காக மலாக்கா போன இடத்தில் மரணம். இறந்துபோன மகன் பெயரை அப்பா அட்டையில் வைத்து நூலை முடித்திருக்கிறார். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

2016இல் மூத்த குடிமக்கள் கூட்டத்தோடு மலேசியா சுற்றுலா போனேன். மலாக்காவில் சிவப்புக் கட்டிடமாக நிற்கும் டச்சுக்காரர் காலத்து மாதா கோயிலுக்குள், மற்றவர்கள் வெளியே படம் பிடித்துக்கொண்டிருக்க, தரையில் பதித்த கற்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆர்மேனிய எழுத்து எனக்கு அடையாளம் தெரியும், படிக்கத் தெரியாது. ஹாகோபின் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே மொழிபெயர்ப்பில் படித்திருந்தேன். படிக்கிறவரை அது கூப்பிடுகிறது. என் ஜனங்களுக்கு விடுதலை வந்துவிட்டதா, நான் ஏங்கியது அதற்குத்தான், சிதறிய ஆடுகளுக்கு ஒரு நல்ல மேய்ப்பன் கிடைத்தானா, எனக்குச் சேதி சொல் என்று கேட்கிறது. வழிகாட்டிப் பையன் "அங்கிள், பஸ் வெயிட்டிங்" என்று அவசரப்படுத்தினான். நான் தமிழில் மெதுவாகச் சொன்னேன்: 1918இல் வந்தது, இரண்டு வருடம்தான் நின்றது. 1991 செப்டம்பரில் மறுபடி வந்தது, இருக்கிறது.

மலாக்காவிலிருந்து மறுபடி நம் தெருவுக்கு வருகிறேன். முதல் ஆர்மேனியக் கோயில் 1712இல் கட்டினது. கோட்டைக்கு எதிரே வெளி வேண்டுமென்று பழைய கறுப்பர் பட்டணத்தைக் கம்பெனி இடித்தபோது அதுவும் போயிற்று; இன்றைய உயர்நீதிமன்றப் பக்கம் அது. இப்போது உள்ள புனித மரியாள் ஆலயம் 1772இல், ஷாமிர் குடும்பத்து நிலத்தில், ஏற்கெனவே ஆர்மேனியக் கல்லறைகள் இருந்த இடத்தில் எழுந்தது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஒரு மணியில் தமிழ் எழுத்தும் உண்டு.

முற்றத்தில் உள்ள கல்லறைகளில் நான் தவறாமல் நிற்பது ஹாருத்யூன் ஷ்மவோனியன் பாதிரியாருடையது. ஷீராஸ் நகரத்தில் பிறந்தவர். இரண்டு மகன்கள் ஒரே வாரத்தில் இறந்துபோக, உலகமே வேண்டாமென்று ஒதுங்கியிருந்தவரைச் சபையார் மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். இங்கே வந்து தன் கையாலேயே எழுத்து வார்த்து அச்சுக்கூடம் வைத்தார். 1794 அக்டோபர் 16இல் 'அஸ்தரார்' என்ற மாத இதழ். உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகை, இந்த மெட்ராஸில் வந்தது. கப்பல் வருகை, சரக்கு விலை, பிறந்த மண்ணிலிருந்து வந்த சேதி எல்லாம் கலந்து இருக்கும். சந்தா கட்டியவர் மிகக் குறைவு. பதினெட்டு இதழோடு 1796இல் நின்றது. ஆர்மேனியாவில் இன்றும் அக்டோபர் 16ஐப் பத்திரிகையாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அவர் 1824இல் காலமானார்.

அதற்குள் வியாபாரம் கல்கத்தாவுக்கும் சிங்கப்பூருக்கும் நகர ஆரம்பித்துவிட்டது. மிச்சம் இருந்தவர்கள் சொத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு எழுதி வைத்தார்கள். மெட்ராஸ் வணிகர்கள் சாமுவேல் முராத், எட்வர்ட் ரபாயேல் இவர்களின் பணத்தில் இத்தாலியில் ஆர்மேனியப் பிள்ளைகளுக்குக் கல்லூரி நடந்தது. கல்கத்தாவில் 1821இல் தொடங்கிய ஆர்மேனியக் கல்லூரி இன்றும் இருக்கிறது. நம் தெருக் கோயிலையும் கல்கத்தா சபையார்தான் பராமரிக்கிறார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு ஆள் சேராத நிலை வந்து வெகுகாலம் ஆயிற்று.

பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் புதுச்சேரி வீடுகளில் ரேடியோவில் கேட்ட பாடகர் ஷார்ல் அஸ்னவூர் ஆர்மேனியர், முழுப்பெயர் அஸ்னவூரியன். பூகம்பத்துக்குப் பிறகு நிதி திரட்டப் பாட்டுப் போட்டவர். பிரான்சில் இவர்கள் விடாமல் போராடித்தான் 2001 ஜனவரியில் 1915இல் நடந்தது இனப்படுகொலை என்று சட்டமே கொண்டுவர வைத்தார்கள். அந்தப் படுகொலையில் அனாதையான மிசாக் மனூஷியன் பாரிஸுக்கு வந்து கவிதை எழுதி, தொழிற்சாலையில் வேலை செய்து, ஹிட்லர் படைக்கு எதிராகக் குழு நடத்தி, 1944 பிப்ரவரி 21இல் சுடப்பட்டார். சாகும்போது அவர் பிரெஞ்சுக் குடிமகன்கூட இல்லை. விண்ணப்பம் கொடுத்தும் கிடைக்கவில்லை. சரியாக எண்பது வருடம் கழித்து, 2024 பிப்ரவரி 21இல் அவரையும் மனைவி மெலினேயையும் பாந்தெயோனில், தேசத்தின் பெரியவர்களோடு வைத்தார்கள். டி.வி.யில் நேரடியாகப் பார்த்தேன். பெரியப்பா மகன் பாரிஸிலிருந்து போனில், "பார்த்தியாடா?" என்றான். "பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. அவனுக்கும் எழுபத்தெட்டு ஆகிறது.

மார்செய் அம்மாளிடமிருந்து சில வருடம் புத்தாண்டுக்கு அட்டை வரும். விலாசத்தில் அவர் 'ஆர்மேனியன் ஸ்ட்ரீட்' என்று எழுதவே மாட்டார். ஆபீஸ் பெயருக்குக் கீழே, பிரெஞ்சு எழுத்தில், கூட்டிக் கூட்டி, 'அரண்மனைக்காரத் தெரு பக்கம்' என்று எழுதுவார். எங்கள் தபால்காரர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கடைசி அட்டை 1997இல் வந்தது.

பாரிமுனையில் வேலை பார்த்த என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு விஷயம் எழுதுங்கள். பஸ் கண்டக்டர்கள், கை ரிக்‌ஷாக்காரர்கள் அந்தத் தெருவை எப்படிச் சொல்வார்கள்? அரண்மனையா, அரமனையா? என் காதில் 'அரமனக்காரன் தெரு' என்றுதான் விழுந்திருக்கிறது.